ஆற்றோரம் ஒரு நடை

கெடா மாநிலத்தின் மேற்குக் கரையோரச் சமவெளியில் தனித்து உயர்ந்து நிற்கும் மலை ஜெராய். அதன் உயரம் 1,217 மீட்டர். சுங்கை பட்டாணி நகரின் குடியிருப்புப் பகுதிகளிலிருந்தும், பீடோங் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்தும், யான் வட்டாரத்து நெல்வயல்களிலிருந்தும் அதன் நீல நிற உருவத்தைக் காணலாம். முற்காலத்தில் வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்குக் கரை நெருங்கிவிட்டதை உணர்த்திய அடையாளமும் இம்மலையே.

ஜெராய் மலையிலிருந்து பல ஓடைகள் இறங்கி வருகின்றன. மெர்போக் வட்டாரத்திலும் யான் வட்டாரத்திலும் அவை அருவிகளாக விழுந்து, பாறைகளுக்கிடையே தேங்கி, பின்னர் ஆறுகளாகிக் கடலைச் சேர்கின்றன. இவ்வோடைகளின் ஓரமாக நடப்பதற்குக் கடும் பயிற்சியோ விலையுயர்ந்த கருவிகளோ தேவையில்லை. பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோரும் தாத்தா பாட்டியும் சேர்ந்தே நடக்கலாம். எனினும், நடை எளிது என்பதற்காக விழிப்பு வேண்டாம் என்று எண்ணிவிடக் கூடாது. “ஆழம் தெரியாமல் காலை விடாதே” என்று முன்னோர் கூறியது இத்தகைய இடங்களுக்கு மிகவும் பொருந்தும்.

மலையும் மழையும்

ஜெராய் மலையின் பாறைகள் மிகவும் தொன்மையானவை. ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், கேம்பிரியக் காலத்தில், கடலடியில் படிந்த மணலும் சேறும் இறுகிப் பாறைகளாயின. நெடுங்காலத்திற்குப் பின் நிலத்தின் ஆழத்திலிருந்து பாறைக்குழம்பு அவற்றுள் ஊடுருவிக் குளிர்ந்து கருங்கல்லாக உறைந்தது. மழையும் வெயிலும் மென்மையான பகுதிகளை அரித்துச் செல்ல, கடினமான பாறைகள் எஞ்சி நின்றன. ஓடும் நீர் அத்தகைய கடினப் பாறையின் விளிம்பை அடைந்து கீழே விழும் இடமே அருவி. நீர் விழும் இடத்தில் கற்களும் மணலும் சுழன்று சுழன்று அடிப்பாகத்தைக் குடைகின்றன. இதனால் அருவியின் அடியில் ஆழமான மடு உருவாகிறது. மேலிருந்து பார்ப்பவருக்கு அந்த ஆழம் எளிதில் தெரியாது.

இம்மலையில் மழை மிகுதியாகப் பெய்வதற்கும் காரணம் உண்டு. கடலிலிருந்து வீசும் ஈரக்காற்று இம்மலையில் மோதி மேலே எழுகிறது. மேலே செல்லச் செல்லக் காற்று குளிர்கிறது, அதிலுள்ள நீராவி மேகமாகிறது, மேகம் மழையாகிறது. ஆகவே, சுங்கை பட்டாணியில் வெயில் கொளுத்தும் பிற்பகலில்கூட ஜெராய் உச்சியைக் கருமேகம் மூடியிருப்பதைக் காணலாம். இவ்வுண்மையை நினைவில் வைத்துக்கொள்வது ஆற்றோரம் நடப்பவர்க்கு மிகவும் இன்றியமையாதது.

மெர்போக் செல்லும் வழி

சுங்கை பட்டாணியிலிருந்து புறப்படும் ஒரு குடும்பம் பீடோங், செமிலிங் ஆகிய ஊர்களைக் கடந்து மெர்போக்கை அடையலாம். மகிழுந்தில் ஏறத்தாழ அரை மணி நேரப் பயணம். வழியில் செம்பனைத் தோட்டங்களும் பால்மரக் காடுகளும் தென்படும். எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும் இச்சாலையில்தான் அமைந்துள்ளது. ஒரு காலத்தில் இவ்வட்டாரத்துத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் லயன் வீடுகளில் வாழ்ந்தன. பால்மரம் சீவுவதும் மங்கில் சேர்ந்த பாலைத் திரட்டுவதும் அவர்களுடைய அன்றாட வேலையாக இருந்தன. தோட்டத்து ஓடையில் துணி துவைத்தவர்களும் மீன் பிடித்தவர்களும் இன்று தாத்தா பாட்டிகளாக நகரத்துத் தாமான்களில் வாழ்கின்றனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் பலர் குழாய்நீரையும் நீச்சல் குளத்தையும் மட்டுமே அறிந்தவர்கள்.

செமிலிங் பகுதியை அடுத்துச் சுங்கை பத்து தொல்லியல் தளம் உள்ளது. செம்பனை மரங்களுக்கிடையே நடைபெற்ற அகழாய்வுகளில் பழங்காலத்து இரும்பு உருக்கும் உலைகளின் எச்சங்களும் படகுத்துறையின் சுவடுகளும் வெளிப்பட்டன. இன்று தரையாகத் தோன்றும் அவ்விடத்தில் ஒரு காலத்தில் படகுகள் வந்து நின்றன. ஆறுகள் தம் போக்கை மாற்றிக்கொள்ளும் என்பதற்கும், ஆறு இருந்த இடத்தில்தான் வாணிகமும் நாகரிகமும் வளர்ந்தன என்பதற்கும் அது சான்றாகும்.

கல் சொல்லும் கதை

மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. 1980-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இவ்வருங்காட்சியகத்தில் இப்பள்ளத்தாக்கில் கிடைத்த கற்சிலைகள், மணிகள், மட்பாண்டங்கள் முதலியன காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. கட்டடத்தின் பின்புறம் மரநிழலில் ஒரு பாதை மேல்நோக்கிச் செல்கிறது. இப்பாதையில் நடக்கும்போது மலாய்மொழியில் ‘சண்டி’ எனப்படும் பழங்கோயில்களின் அடித்தளங்களைக் காணலாம். பெண்டியாட், பெங்காலான் பூஜாங், பெண்டாங் டாலாம் ஆகிய இடங்களில் கண்டெடுக்கப்பட்ட சண்டிகள் இங்குக் கொண்டுவரப்பட்டு மீண்டும் அமைக்கப்பட்டுள்ளன. புக்கிட் பத்து பகாட் சண்டி மட்டும் அது தோன்றிய இடத்திலேயே நிற்கிறது.

‘பத்து பகாட்’ என்றால் உளியால் செதுக்கிய கல் என்பது பொருள். அருகிலுள்ள ஓடையில் கிடைக்கும் கருங்கல்லைக் கொண்டே இக்கோயிலை எழுப்பினர். சதுரமான கருவறைப் பகுதியும் அதன் முன்னே ஒரு மண்டபமும் கொண்ட அமைப்பு இது. அருங்காட்சியகக் குறிப்புகளில் இவ்விரு பகுதிகளையும் ‘விமானம்’, ‘மண்டபம்’ என்றே குறிப்பிடுகின்றனர். தமிழ் மாணவர்களுக்கு இவை பழகிய சொற்கள் அல்லவா! மண்டபத்தின் தரையில் தூண்களைத் தாங்கிய கற்கள் வரிசையாக உள்ளன. மரத்தாலான தூண்களும் கூரையும் காலப்போக்கில் மக்கிப்போயின. கல் மட்டும் எஞ்சியது.

1936, 1937-ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் இவ்வட்டாரத்தில் அகழாய்வு செய்தார். பின்னர், 1959, 1960-ஆம் ஆண்டுகளில் அலஸ்டர் லேம் என்பவர் தலைமையில் புக்கிட் பத்து பகாட் சண்டி சீரமைக்கப்பட்டது. தமிழகத்தாருக்கும் இவ்விடம் புதியதன்று. பழைய கெடாவைத் தமிழர் ‘கடாரம்’ என அழைத்தனர். 1025-ஆம் ஆண்டளவில் இங்குக் கடற்படையை அனுப்பிய முதலாம் இராசேந்திர சோழன் ‘கடாரங்கொண்டான்’ என்னும் பட்டம் பெற்றான்.

இத்தகைய சின்னங்கள் கல்லால் ஆனவை என்றாலும் அழியாதவை அல்ல. 2013-ஆம் ஆண்டில், இதே பள்ளத்தாக்கில் நிலத்தைச் சமன்படுத்தும் பணியின்போது 11-ஆம் எண்ணிட்ட சண்டியின் எச்சங்கள் இடிக்கப்பட்டன. பல நூற்றாண்டுகள் மழைக்கும் வெயிலுக்கும் தாக்குப்பிடித்தது இயந்திரத்தின்முன் நிற்கவில்லை. அச்செய்தி நாட்டு மக்களிடையே பெரும் வருத்தத்தை ஏற்படுத்தியது. நாட்டின் மரபுடைமைச் சின்னங்களைக் காக்க 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. ஆனால், ஒரு கல்லின் மதிப்பை அறிந்த மக்கள் இருந்தால்தான் சட்டத்திற்கு வலிமை உண்டு. ஆகவே, சண்டியின்மீது ஏறாமலும், செங்கல்லையோ கல்லையோ நினைவுப்பொருளாக எடுத்துச் செல்லாமலும் இருப்பது நடப்பவர் ஒவ்வொருவரின் கடமையாகும்.

ஓடைக்கரையில் ஒரு பாடம்

சண்டியின் அருகே ஓடை சலசலத்து ஓடுகிறது. பாறைகளின்மேல் படிப்படியாக விழும் நீர், சிறு சிறு தேக்கங்களாக நின்று மீண்டும் ஓடுகிறது. விடுமுறை நாள்களில் குடும்பங்கள் இங்குப் பாய் விரித்து உணவுண்பதைக் காணலாம். இங்கிருந்து சற்றுத் தொலைவில் துப்பா நீர்வீழ்ச்சி உள்ளது.

இத்தகைய ஓடைக்கரைக்கு வந்த ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். பேரன் சட்டையைக் கழற்றிவிட்டு நீரில் இறங்கத் துடிக்கிறான். தாத்தாவோ கரையில் நின்றபடியே மலையை அண்ணாந்து பார்க்கிறார்.

“தாத்தா, நல்ல வெயில் அடிக்கிறதே! இறங்கிக் குளிக்கலாமா?” என்று பேரன் கேட்கிறான்.

“நாம் நிற்கிற இடத்தை மட்டும் பார்க்காதே, ஐயா. தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அந்த இடத்தைப் பார். மலைமேல் கருத்திருக்கிறதா?” என்கிறார் தாத்தா.

“கொஞ்சம் கருத்திருக்கிறது. ஆனால், இங்கே மழை இல்லையே?”

“அங்கே பெய்கிற மழை இங்கே வருவதற்கு அதிக நேரம் பிடிக்காது. இன்றைக்குக் கரையில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொள்வோம். வானம் வெளுத்திருக்கும் நாளில் மறுபடியும் வரலாம்.”

தாத்தா நீரின் விளிம்பில் ஒரு குச்சியை ஊன்றி வைக்கிறார். நீர் குச்சியைத் தாண்டி ஏறுகிறதா என்று அவ்வப்போது பார்க்குமாறு பேரனிடம் கூறுகிறார். பேரனுக்கு அது விளையாட்டாகத் தோன்றுகிறது. உண்மையில் அது பாதுகாப்புப் பாடம்.

பால்மரம் சீவியவர்களுக்கு வானத்தைப் பார்ப்பது தொழிலின் ஒரு பகுதி. மழை பெய்தால் அன்றைய பால் மங்கிலேயே வீணாகும், சம்பளமும் குறையும். எனவே, விடியுமுன் எழுந்து பெரட்டுக்குச் செல்லும்போதே மேகத்தையும் காற்றையும் கவனித்துப் பழகினர். எந்தப் பாடநூலிலும் படிக்காமல் வாழ்க்கையில் கற்ற அவ்வறிவு, பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லப்படாவிட்டால் அவர்களோடு மறைந்துவிடும். அதைச் சொல்லிக்கொடுப்பதற்கு வகுப்பறையைவிட ஓடைக்கரை பொருத்தமான இடம்.

ஏரியுள்ள ஆறும் ஏரியில்லாத ஆறும்

மலைமேல் பெய்யும் மழை எல்லா ஆறுகளிலும் ஒரே வேகத்தில் கீழே வருவதில்லை. இதனைப் புரிந்துகொள்ளக் கெடாவின் மற்றொரு பகுதியையும் காண வேண்டும். மாநிலத்தின் கிழக்கே, தாய்லாந்து எல்லையை ஒட்டிய மலைப்பகுதியில் தோன்றும் மூடா ஆறு, சிக், பாலிங், கோலமூடா வட்டாரங்களின் வழியாக நெடுந்தொலைவு ஓடிக் கடலில் கலக்கிறது. அதன் மேற்பகுதியில் மூடா அணையும், அதற்கு வடக்கே பெடு அணையும் 1960-களின் இறுதியில் கட்டப்பட்டன. இவ்வணைகள் தேக்கிய நீரே மூடா ஏரியும் பெடு ஏரியும் ஆகும்.

மூடா ஏரிக்கு நீர் வந்து சேரும் பரப்பு பெரிது; ஆனால், ஏரி சிறிது. பெடு ஏரிக்கு நீர் வரும் பரப்பு சிறிது. ஆனால், ஏரி பெரிது. எனவே, மலையைக் குடைந்து ஆறரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளமான சுரங்கம் ஒன்றை அமைத்து இரண்டையும் இணைத்தனர். மூடா ஏரியின் நீர் இச்சுரங்கத்தின் வழியே பெடு ஏரியை அடைந்து, அங்கிருந்து நெல்வயல்களுக்குச் செல்கிறது. கெடாச் சமவெளியில் ஆண்டுக்கு இருமுறை நெல் விளைவதற்கு இவ்வேரிகளே அடிப்படை. சிக் வட்டாரத்தில் உள்ள பெரிஸ் ஏரியும் மூடா ஆற்றுக்கு நீர் வழங்குகிறது. அவ்வேரிக்கரையில் திராட்சைத் தோட்டமும் உள்ளதால் குடும்பங்கள் அங்கும் சென்று வருகின்றன.

ஏரி என்பது நீரின் வேகத்தைத் தணிக்கும் இடம். மேலே மழை பெய்யும்போது ஏரி அந்நீரில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டு சிறுகச் சிறுக வெளியிடும். ஜெராய் மலையின் ஓடைகளுக்கோ அத்தகைய ஏரி இல்லை. மலையுச்சிக்கும் யான் கடற்கரைக்கும் இடைப்பட்ட நேர்த்தொலைவு பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவு. அவ்வளவு குறுகிய தொலைவில் ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து நீர் இறங்குகிறது. ஆகவே, உச்சியில் பெய்த பெருமழை சிறிது நேரத்திலேயே அடிவாரத்தை அடைந்துவிடும்.

நீரின் தலை

இவ்வாறு திடீரென வரும் நீர்ப்பெருக்கை மலாய்மொழியில் ‘கெப்பாலா ஆயர்’ என்பர். ‘நீரின் தலை’ என்பது அதன் நேர்ப்பொருள். மேலே விழுந்த மரங்களும் பாறைகளும் ஓடையை அடைத்துக்கொள்ளும்போது நீர் அதன் பின்னே தேங்குகிறது. அடைப்பு உடைந்ததும் நீர், சேறு, மரம், பாறை ஆகிய அனைத்தும் ஒன்றாகப் பாய்கின்றன. அதன் முன் நீந்தத் தெரிந்தவரும் தெரியாதவரும் ஒன்றே.

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள், ஜெராய் மலையில் பெய்த கனமழையால் யான், மெர்போக் வட்டாரங்களில் இத்தகைய பெருக்கு ஏற்பட்டது. வீடுகளும் பாலங்களும் சேதமுற்றன, உயிர்களும் பலியாயின. யான் வட்டாரத்தில் குடும்பங்கள் விரும்பிச் செல்லும் தித்தி ஹாயுன் பகுதியும் பாதிப்புக்குள்ளானது. அடுத்த ஆண்டு, 2022 ஜூலை 4-ஆம் நாள், பாலிங் மாவட்டத்தின் கூப்பாங் பகுதியிலும் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் உயிர்களைப் பறித்தது. இவை பழங்கதைகள் அல்ல. இன்றைய மாணவர்கள் வாழும் காலத்தில் நடந்தவை.

நீரின் தலை வருமுன் ஆறு சில அறிகுறிகளைக் காட்டுவதுண்டு. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கும். இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வரும். நீர்மட்டம் சட்டென உயரும். மேலே அடைப்பு இருந்தால், வழக்கத்திற்கு மாறாகக் குறைவதும் உண்டு. மேற்புறத்திலிருந்து இரைச்சல் கேட்கும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உடனே நீரை விட்டு வெளியேற வேண்டும். ஆற்றின் போக்கில் கீழ்நோக்கி ஓடக் கூடாது. கரையிலிருந்து விலகி உயரமான இடத்திற்கு ஏற வேண்டும். காலணி, பை, திறன்பேசி முதலியவற்றை எடுக்கத் திரும்பக் கூடாது. எவரேனும் சிக்கிக்கொண்டால், தானும் குதிக்காமல் 999 என்னும் அவசர எண்ணை அழைக்க வேண்டும். எல்லா நேரங்களிலும் அறிகுறி தென்படும் என்று சொல்வதற்கில்லை. ஆகவே, மலைமேல் மேகம் கருத்திருக்கும் நாளில் நீரில் இறங்காமல் இருப்பதே மிகச் சிறந்த பாதுகாப்பு.

நடைக்கு ஏற்ற பழக்கங்கள்

ஆற்றோர நடையைக் காலையில் தொடங்குவது நன்று. இந்நாட்டில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலேயே பெய்கிறது. மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பை முதல்நாளே பார்த்துக்கொள்வது நலம். பாசி படிந்த பாறைகள் வழுக்கும் என்பதால் பிடிப்புள்ள காலணி அணிய வேண்டும். சிறுவர்கள் நீரில் நிற்கும்போது பெரியவர் ஒருவர் அவர்கள்மீது கண்வைத்திருக்க வேண்டும். ஆழம் தெரியாத மடுவில் பாறைமேலிருந்து குதித்தல் கூடவே கூடாது.

உணவுப் பொட்டலங்களையும் நெகிழிப் பைகளையும் வீட்டிற்கே திரும்பக் கொண்டுவர வேண்டும். வீசியெறியப்படும் உணவு குரங்குகளையும் எலிகளையும் ஈர்க்கிறது. எலிகளின் சிறுநீர் கலந்த நீரினால் எலிக்காய்ச்சல் பரவக்கூடும். உடலில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் ஓடையில் இறங்காமல் இருப்பதும், குளித்தபின் சில நாள்களில் காய்ச்சல் கண்டால் ஆற்றில் குளித்ததை மருத்துவரிடம் மறவாமல் கூறுவதும் அவசியம். ஒரு குடும்பம் விட்டுச்செல்லும் குப்பை, அடுத்து வரும் குடும்பத்திற்கு நோயாக மாறலாம். அதோடு, அதே நீர்தான் மெர்போக் ஆற்றில் கலந்து, அதன் கரையோரச் சதுப்புநிலக் காடுகளை அடைகிறது. மீனும் இறாலும் நண்டும் குஞ்சு பொரித்து வளரும் இடம் அது; மீனவர்களின் பிழைப்பும் அதனை நம்பியே உள்ளது.

அருவியிலிருந்து சதுப்புநிலம் வரை நீர் செல்லும் வழி ஒன்றே. அதன் ஓரமாக ஒரு காலைப்பொழுது நடந்தால், மலை எவ்வாறு மழையைத் தருகிறது, கல் எவ்வாறு கோயிலாகிறது, ஏரி எவ்வாறு வயலை வளர்க்கிறது என்பனவற்றை ஒரு குடும்பம் ஒன்றாகக் கற்றுக்கொள்ளலாம். அடுத்த விடுமுறையில் அருவிக்குச் செல்லும் மாணவர், நீரில் கால் வைக்குமுன் தலையை உயர்த்தி மலையைப் பார்க்கட்டும். தம் தம்பி தங்கையரையும் பார்க்கச் சொல்லட்டும்.

சிந்தித்து விடை கூறுக

1. அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதும் ஓடையில் நீர் பெருகக் காரணம் என்ன?
2. மூடா ஏரியையும் பெடு ஏரியையும் சுரங்கத்தால் இணைத்தது ஏன்?
3. “சட்டத்திற்கு வலிமை உண்டு” என்னும் தொடர் எந்தச் சூழலில் கூறப்பட்டுள்ளது? அக்கருத்தை நீ ஏற்கிறாயா? காரணங்களுடன் விளக்குக.
4. உன் தாத்தா, பாட்டி அல்லது உறவினர் ஒருவரிடம் அவர்கள் இளமையில் அறிந்த ஆற்றையோ ஓடையையோ பற்றிக் கேட்டு, 80 சொற்களில் எழுதுக.